கலப்புப் படகுப் பந்தயமும் பெண்கள் ஒதுக்கீடும்

(பெங்களூரு விவேக் நகரில் இளைஞர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. இதில் கூறப்பட்டுள்ளவை பேச்சாளரின் சொந்தக் கருத்துக்கள்.)



பொருளாதாரம் படித்த மத்திய அரசு அலுவலர் ஒருவர் படகுப் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு நீச்சல் கூடச் சரியாகத் தெரியாது. ஆயினும், சென்ற ஆண்டு என் தங்கை மகள் கேட்ட ஒரு கேள்வி இந்தப் பொருளை நோக்கி என்னைத் திருப்பியது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் இந்நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். நிறுவனங்களுக்கிடையே நடந்த டிராகன் படகுப் போட்டியில், ஒரு படகில் துடுப்பு வலிப்போர் 10 பேர். அவர்களில் குறைந்தது 4 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் நிறுவனத்தின் அணியில் பயிற்சி பெற்ற பெண்கள் மூவரே இருந்தனர். போட்டிக்கு முந்தின நாள் மாலை, நான்காவது பெண்ணாக இவளை அழைத்தார்கள். அதுவரை அவள் துடுப்பைத் தொட்டதில்லை. அணித் தலைவர் அவளுக்குச் சொன்ன அறிவுரை இதுதான்: “நீங்கள் துடுப்பை நீரில் நனைத்தால் போதும், வலிக்க வேண்டாம்.” அணிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அவளுக்கும் பதக்கம் அணிவித்தார்கள். வீட்டிற்கு வந்து, “மாமா, நான் போட்டியில் கலந்துகொண்டேனா, இல்லையா?” என்று கேட்டாள்.

என்னால் உடனே பதில் கூற முடியவில்லை. விதி மீறப்படவில்லை, யாரும் ஏமாற்றப்படவுமில்லை. நான்கு பெண்கள் வேண்டும் என்றார்கள், நான்கு பெண்கள் இருந்தார்கள். எனினும் விதியின் நோக்கம் நிறைவேறவில்லை என்பதை அவள் முகமே காட்டியது. ஒரு விதி எழுத்தளவில் நிறைவேறி நோக்கத்தில் தோற்பது ஏன்? ஒதுக்கீடுகளைப் பற்றிப் படிக்கும் மாணவரும், அவற்றை நடைமுறைப்படுத்தும் அலுவலரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தேடப் படகு ஒரு நல்ல சோதனைச்சாலை. ஏனெனில் அங்கே ஒவ்வொருவரின் பங்கும் விநாடிகளில் அளக்கப்படுகிறது.

பெண்கள் படகேறிய வரலாறு

துடுப்புப் படகோட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னையில் அடையாற்றங்கரையிலுள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான படகுப் போட்டி 1898 முதல் நடந்து வருகிறது. பெண்களுக்கான பந்தயங்கள் அதனுடன் வெகுகாலம் கழித்தே சேர்ந்தன.

உலக அரங்கிலும் நிலைமை இதுவே. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான படகோட்டம் 1976இல் மாண்ட்ரியால் நகரில்தான் இடம்பெற்றது. அப்போதும் ஆண்களுக்கு 2,000 மீட்டர், பெண்களுக்கு 1,000 மீட்டர் என்றே தூரம் வகுக்கப்பட்டிருந்தது. பெண்களால் முழுத் தூரம் வலிக்க இயலாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பெண்களும் 2,000 மீட்டர் வலித்தனர். அந்த எண்ணம் பொய்யாயிற்று. 2021இல் நடந்தேறிய டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7 எனப் படகோட்டப் பிரிவுகள் சமமாயின.

சமத்துவத்தின் அடுத்த படியாகக் கலப்பு அணிகள் முன்வைக்கப்பட்டன. 2014 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு ஏற்ற சீர்திருத்தத் திட்டம், ஆணும் பெண்ணும் இணைந்து பங்குபெறும் அணிப் போட்டிகளை ஊக்குவிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2025இல் ஷாங்காயில் நடந்த உலகப் படகோட்டப் போட்டியில் கலப்பு இருவர் படகும், நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் வலிக்கும் கலப்பு எண்மர் படகும் முதன்முறையாக இடம்பெற்றன. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் கடற்கரைப் படகோட்டத்தில் கலப்பு இருவர் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது.

வேகத்தின் கணக்கு

கலப்பு அணியில் எத்தனை பெண்கள் என்பதை விதியே ஏன் கூற வேண்டும், அணிகளின் விருப்பத்திற்கு விட்டுவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2017இல் போலந்து நாட்டின் போஸ்னானில் ஜெர்மனியின் ஆண்கள் எண்மர் படகு 2,000 மீட்டரை 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தது. 2021இல் டோக்கியோவில் ருமேனியாவின் பெண்கள் எண்மர் படகு 5 நிமிடம் 52.99 விநாடியில் கடந்தது. காற்றும் நீரும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால் இது துல்லியமான ஒப்பீடு அன்று. ஆயினும் நம் தேவைக்குப் போதும். பெண்கள் படகின் வேகம் ஆண்கள் படகினும் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு.

படகின் வேகம் கூடும்போது நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியும், தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் கனத்தை ஒட்டியும் கூடுகின்றன. எனவே வேகத்தில் 10 சதவீத வித்தியாசம் என்பது ஆற்றலில் ஏறத்தாழ 26 சதவீத வித்தியாசமாகிறது. ஆண்கள் எண்மர் படகில் ஓர் ஆணை எடுத்துவிட்டு, அவருக்கு நிகரான தரத்தில் பயின்ற ஒரு பெண்ணை அமர்த்தினால், படகின் மொத்த ஆற்றல் 3 சதவீதத்திற்குச் சற்று மேல் குறையும். உடல் எடையின் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பந்தய நேரம் சுமார் மூன்றரை விநாடி கூடும். மூன்றரை விநாடியில் அப்படகு 20 மீட்டருக்கு மேல் சென்றுவிடும். அது படகின் முழு நீளத்தையும் விஞ்சிய தூரம்.

ஆகவே, வெற்றியை மட்டுமே நாடும் அணித் தலைவர், விதி எத்தனை பெண்களைக் கேட்கிறதோ அத்தனை பேரையே ஏற்றுவார். ஒருவரைக்கூடக் கூடுதலாக ஏற்றமாட்டார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்கு முன்னுள்ள ஊக்குவிப்பு அத்தகையது. விதி குறிப்பிடும் “குறைந்தபட்சம்” நடைமுறையில் “அதிகபட்சம்” ஆகிவிடுவது இப்படித்தான். தரைத்தளமாக எண்ணிப் போட்டது கூரையாகி விடுகிறது.

மூவகை விதிகள்

இப்போது வழக்கிலுள்ள விதிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, குறைந்தபட்சத்தை மட்டும் கூறுவது. என் தங்கை மகள் பங்குகொண்ட போட்டியின் விதி இத்தகையது. சிறிய சங்கங்களும் எளிதாக அணி திரட்டலாம் என்பது இதன் நன்மை. தரைத்தளம் கூரையாவது இதன் குறை.

இரண்டாம் வகை, கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் கூறுவது. 20 பேர் வலிக்கும் டிராகன் படகின் சர்வதேசக் கலப்புப் பிரிவில், எந்தப் பாலாரும் 8 பேருக்குக் குறையாமலும் 12 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இது இரு பாலாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதால் ஒதுக்கீடு ஒரு பாலாருக்குக் காட்டும் சலுகை என்ற எண்ணம் மறைகிறது. ஆனால் 8 பெண்களும் 12 ஆண்களும் என்ற விளிம்பிலேயே அணிகள் நிற்கும் என்பதை மேலே கண்ட கணக்கு சொல்லிவிடும்.

மூன்றாம் வகை, சரிபாதி. மூத்தோருக்கான உலகப் படகோட்டப் போட்டியின் கலப்புப் பிரிவில், சுக்கான் பிடிப்பவர் நீங்கலாகப் பாதிப் பேர் பெண்கள். மாற்றுத்திறனாளிகளின் கலப்பு நால்வர் படகில் 2 ஆண்கள், 2 பெண்கள். சுக்கான் பிடிப்பவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

சரிபாதி விதி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2015இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்த இராணுவ வீரர் நாராயண கொங்கணபள்ளியும், அனிதா என்ற வீராங்கனையும் இணைந்து, 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டில் கலப்பு இருவர் படகில் வெள்ளிப் பதக்கம் வென்றனர். அடுத்த ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தப் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அங்கும் போட்டியிட்டு எட்டாம் இடம் பெற்றனர். படகில் இருவர், அவர்களில் ஒருவர் பெண். அனிதாவிடம் “துடுப்பை நனைத்தால் போதும்” என்று எவரும் கூற முடியாது. அவர் வலிக்காவிட்டால் பாதிப் படகு நின்றுவிடும். எனவே அவருக்கு முழுப் பயிற்சி அளிப்பது தயவன்று, அணியின் தேவை.

இதை, அதே 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கு படகோட்டத்தில் இந்தியா பெற்ற 5 பதக்கங்களும் ஆண்கள் பிரிவுகளில் கிடைத்தவை. 2010இல் குவாங்சோவில் ஒடிசாவின் பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் இருவரும் பெண்கள் இருவர் படகில் வெண்கலம் வென்று, திறமைக்குக் குறைவில்லை என்பதைக் காட்டினார்கள். குறைவாக இருப்பது அத்திறமையைத் தொடர்ந்து தேடி வளர்க்கும் ஏற்பாடே.

தலையெண்ணிக்கையும் இருக்கையும்

இங்கு இன்னொரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். படகில் எத்தனை பெண்கள் என்பதோடு, அவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதும் முக்கியம்.

எண்மர் படகில் ஒவ்வொருவருக்கும் ஒரே துடுப்பு. நால்வர் இடப்புறமும் நால்வர் வலப்புறமும் வலிப்பார்கள். ஆண்கள் அனைவரையும் ஒருபுறமும் பெண்கள் அனைவரையும் மறுபுறமும் வைத்தால் படகு ஒரு பக்கமாகத் திரும்பும். எனவே இருபுறமும் கலந்தே அமர்த்த வேண்டும். துடுப்பின் நீளம், அது படகில் பொருந்தும் இடம் ஆகியவற்றை ஒவ்வொருவரின் உடலுக்கும் ஏற்பச் சற்று மாற்றி அமைக்கலாம். எல்லாருக்கும் ஒரே அளவுத் துடுப்பு கொடுப்பது பார்வைக்குச் சமமாகத் தோன்றும். ஆனால் எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் நுழைந்து ஒரே கணத்தில் வெளிவருவதுதான் படகுக்குத் தேவையான சமம். அதற்காக அளவுகளை வேறுபடுத்துவது சலுகை ஆகாது.

பின்புறக் கோடியில் அமர்ந்து வேகத் தாளத்தை நிர்ணயிப்பவர் யார், சுக்கான் யார் கையில், பயிற்சி நேரத்தை முடிவு செய்பவர் யார் என்பன அடுத்த கேள்விகள். தலையெண்ணிக்கை விதி இவற்றைத் தொடுவதேயில்லை.

தொடர் ஓட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். கலப்புத் தொடர் ஓட்டத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். முதலில் ஓடும் வரிசையை அணிகளே முடிவு செய்யலாம் என்றிருந்தது. 2019இல் தோஹா உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் போலந்து அணி இரு ஆண்களையும் முதலில் ஓடவிட்டுப் பெண்களைக் கடைசிக்கு வைத்தது. மற்ற அணிகளின் ஆண்கள் பின்னாலிருந்து துரத்திவந்து அப்பெண்களைத் தாண்டிச் சென்றனர். போட்டியின் சுவை கூடியது என்றனர் சிலர். ஓட்டத்தின் பொருளே மாறிப்போனது என்றனர் வேறு சிலர். பின்னர் 2022 முதல் ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையே விதியாக்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் நிர்ணயித்தால் போதாது, இடத்தையும் நிர்ணயிக்க வேண்டும் என்பதை அனுபவம் கற்பித்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்த ஓட்டத்தில் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் ஆகியோரின் இந்திய அணி இரண்டாவதாக வந்ததும், பஹ்ரைன் அணி பின்னர் தகுதி இழந்ததால் அப்பதக்கம் தங்கமானதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஊராட்சி தரும் பாடம்

அலுவலர்களாகிய நமக்கு இதெல்லாம் முற்றிலும் புதிய செய்தி அன்று. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சி உறுப்பினர் இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. அத்துடன் நின்றுவிடாமல், தலைவர் பதவிகளிலும் அதே பங்கை ஒதுக்கியது. படகின் மொழியில் கூறினால், துடுப்போடு சுக்கானையும் சேர்த்துக் கொடுத்தது. மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் ஆய்வு செய்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, தலைமை பெண்களிடம் இருந்த ஊராட்சிகளில் குடிநீர் போன்ற, பெண்கள் கோரிய தேவைகளுக்குக் கூடுதல் முதலீடு நடந்ததைக் காட்டியது. தலைமை இருக்கை மாறியபோது பணம் செல்லும் திசையும் மாறியது.

கர்நாடகத்திற்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. இம்மாநிலம் தன் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், நாட்டிற்கு முன்னோடியாக, 25 சதவீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி 1987இல் தேர்தல் நடத்தியது. 73ஆவது திருத்தத்திற்குப் பின் இங்குள்ள கிராம ஊராட்சிகளில் பெண்களின் பங்கு, ஒதுக்கீடான மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி 40 சதவீதத்திற்கு மேல் சென்றது. அதாவது இங்கே தரைத்தளம் கூரையாகவில்லை. முன்னரே ஒரு தலைமுறைப் பெண்கள் தேர்தலில் நின்றும் நிர்வாகத்தில் பழகியும் தயாராக இருந்தது இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஆகவே கூரைக்கு அஞ்சி ஒதுக்கீட்டையே கைவிட வேண்டியதில்லை. தகுதி பெற்றோரின் எண்ணிக்கை பெருகுமாறு செய்தால் தரைத்தளம் தரைத்தளமாகவே நிற்கும்.

எதிர்வாதங்கள்

“உடல் வலுவில் வேறுபாடு இருக்கும்போது, திறமை மிகுந்த ஓர் ஆணை விலக்கிவிட்டு அவ்விடத்தைப் பெண்ணுக்குத் தருவது அந்த ஆணுக்கு அநீதி அன்றோ?” என்ற வாதம் உண்டு. ஆண்களுக்கெனத் தனிப் போட்டி இருக்கும் வரை இந்த வாதம் நிற்காது. கலப்புப் போட்டி என்பது வேறொரு விளையாட்டு. அதில் அளக்கப்படுவது இரு பாலாரும் சேர்ந்து எட்டும் வேகம். எல்லா அணிகளுக்கும் ஒரே விதி இருப்பதால் அணிகளுக்கிடையே அநீதியும் இல்லை.

மற்றொரு வாதம் வலுவானது; அதை நான் ஏற்கிறேன். கலப்புப் போட்டி பெண்கள் போட்டிக்கு மாற்றாகிவிடும் அபாயம் அது. ஒரு மாவட்டப் போட்டியில் செலவைக் குறைக்கப் பெண்கள் எண்மர் பிரிவை நீக்கிவிட்டுக் கலப்பு எண்மர் பிரிவைச் சேர்த்தால், காகிதத்தில் சமத்துவம் கூடியதாகத் தோன்றும். உண்மையில் பெண்களுக்கான இடம் 8இலிருந்து 4ஆகக் குறைந்துவிடும். கேரளத்தில் ஆலப்புழைக்கு அருகே புன்னமடைக் காயலில் 1952 முதல் நடந்துவரும் நேரு கோப்பைப் படகுப் போட்டியில், பெண்களே வலிக்கும் தெக்கனோடி வள்ளங்களுக்கெனத் தனிப் பந்தயங்கள் உள்ளன. இத்தகைய தனிப் பந்தயங்களே கலப்பு அணிகளுக்கு நாற்றங்கால். நாற்றங்காலை அழித்துவிட்டு நடவு செய்ய இயலாது.

சில ஆலோசனைகள்

போட்டிகளை நடத்தும் சங்கங்களும் துறைகளும் பின்வருவனவற்றைக் கருதலாம்.

ஒன்று: இருவர், நால்வர், எண்மர் படகுகளில் சரிபாதி விதியே ஏற்றது. பெரிய படகுகளில் கீழ், மேல் வரம்புகள் இரண்டும் இரு பாலாருக்கும் பொருந்துமாறு அமைய வேண்டும்.

இரண்டு: விதியைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் அறிவித்தால் அணிகள் ஆள் தேடுமேயன்றி ஆளை உருவாக்கா.

மூன்று: அணிப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், குறிப்பிட்ட எண்ணிக்கைப் பயிற்சி நாட்களில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். வருகைப் பதிவேடு ஒன்றே போதும். அதற்குத் தனிச் செலவில்லை.

நான்கு: சுக்கானும் அணித் தலைமையும் முறை வைத்து மாற வேண்டும்.

ஐந்து: பெண்களுக்கான தனிப் பிரிவை நீக்கிக் கலப்புப் பிரிவைச் சேர்க்கக் கூடாது, கூடுதலாகவே சேர்க்க வேண்டும்.

இந்த ஐந்தில் மூன்றாவதே மிக முக்கியம் என்பது என் கருத்து. ஒதுக்கீட்டின் பயன் பந்தய நாளன்று வெளிப்படுகிறது. ஆனால் அது விளைவது பயிற்சி நாட்களில். ஒரு விதியை மதிப்பிட விரும்புவோர், படகில் எத்தனை பெண்கள் அமர்ந்தார்கள் என்று எண்ணுவதோடு, அந்த விதி இருப்பதால் எத்தனை பெண்கள் புதிதாகத் துடுப்பு வலிக்கக் கற்றார்கள் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை போட்டி முடிந்த அன்றே கிடைக்கும். இரண்டாவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆயினும் கேட்கத் தக்க கேள்வி அதுவே.

என் தங்கை மகளுக்கு நான் கடைசியில் கூறிய பதில் இது: “அந்தப் படகில் உன்னை எண்ணினார்கள், அம்மா, சேர்க்கவில்லை.” அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த மாதம் அணித் தலைவரிடம் சென்று பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று கேட்டாள். போட்டிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்றாராம் அவர். “அதனால்தான் இப்போது கேட்கிறேன்” என்று சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து போகிறாள். உள்ளங்கையில் கொப்புளங்களோடு திரும்பி வருகிறாள். அவளுடன் அலுவலகத்திலிருந்து வேறு இரு பெண்களும் போகிறார்கள். அடுத்த போட்டியில் பரிசு கிடைக்குமோ, கிடைக்காதோ, நான் அறியேன். “நனைத்தால் போதும்” என்று இனி எவரும் அவளிடம் கூறமாட்டார்கள்.